ஆட வராதவருக்காகத்தான் கேமைத் தேர்ந்தெடுக்கணும்

பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குரூப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருத்தர், "மச்சி, பழையபடி ஒருநாள் எல்லாரும் சேர்ந்து கேம் போடலாமாடா?" என்று கேட்பார். எட்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதோடு சரி. அதையும் மீறி ஒரு சனிக்கிழமை ராத்திரி கூடிவிட்டால், அடுத்த வாரமே இரண்டு பேருக்குக் "கொஞ்சம் வேலை" வந்துவிடும். மூன்றாவது வாரம் குரூப்பில் மறுபடி குட் மார்னிங் படங்கள்.

வேலையெல்லாம் சாக்கு. கூப்பிடுகிறவர் பெரும்பாலும் கூட்டத்திலேயே நன்றாக ஆடுகிறவர். தனக்குக் கைவந்த கேமையே அவர் தேர்ந்தெடுக்கிறார். பல வருஷமாக ஆடாதவர் வந்து உட்கார்ந்து, பத்து விநாடியில் செத்து, மீதி நேரம் அடுத்தவர் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார். அவர் ஏன் மறுபடி வரப்போகிறார்? யாருக்கு ஆட வராதோ, யாருடைய போன் பழசோ, யாருடைய நெட் இழுக்குமோ, அவரை வைத்துத்தான் கேமைத் தேர்ந்தெடுக்கணும். நன்றாக ஆடுகிறவர் எதிலும் சமாளித்துக்கொள்வார்.

முதலில் நேரம். கடலூர்க் கூட்டம் என்றால் சிங்கப்பூரில் ஒருத்தர், துபாயில் ஒருத்தர் இருப்பார். புதுச்சேரி என்றால் பிரான்சிலும் ஒருத்தர் உண்டு. இங்கே சனிக்கிழமை இரவு 8.30 என்று வைத்தால் துபாயில் மாலை 7, சிங்கப்பூரில் இரவு 11. பாரிசில் குளிர்காலத்தில் மாலை 4, கோடையில் 5. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் மட்டும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினால் போதும். சிங்கப்பூர்க்காரருக்குத்தான் கஷ்டம், ஆகையால் அவர் ஆட வேண்டிய கேமை முதலில் போட்டு, ஒரு மணிக்குள் அவரைத் தூங்க விட்டுவிடுங்கள். "எல்லாருக்கும் வசதியான நாளாப் பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு நாள் காலண்டரில் கிடையாது. நாளை நீங்களே குறித்துவிடுங்கள், வருகிறவர் வரட்டும்.

கேசட் காலம்

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருக்கும்போது பழைய கேசட் கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவது போல எளிதான வழி வேறில்லை. பெட்டி இல்லாவிட்டால், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் விரித்திருக்கும் இடங்களில் தேடிப் பார்க்கலாம். கேசட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம்ம ஊரில் ஓடிய பெட்டிகளுக்கு 60 பின் கேசட்தான் பொருந்தும். அமெரிக்க நின்டெண்டோ கேசட் 72 பின், கொஞ்சம் அகலம், உள்ளே போகாது.

திரையில் கோடு கோடாக வந்தால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவது நம் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அது தப்பு. சரியானது ஊதியதால் அல்ல, வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதில் பின்கள் உரசிச் சுத்தமானதால். ஊதும்போது போகும் ஈரம் செப்புப் பட்டையை அரிக்கத்தான் உதவும். அதிலும் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ உப்புக்காற்றில் இருபது வருஷம் கிடந்த கேசட் என்றால் பட்டையில் பச்சை பூத்திருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பட்டைகளின் நீளவாக்கில் தேய்த்து, பஞ்சு கறுப்பாக வராத வரைக்கும் குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிஷம் காயவிட்டுச் செருகவும். பச்சை விடாப்பிடியாக இருந்தால் பென்சில் ரப்பரால் லேசாக, மிக லேசாக.

அடுத்த சிக்கல் டிவி. புது டிவிகள் பலவற்றில் மஞ்சள் ஏவி ஓட்டையே இருப்பதில்லை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சில் இருக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. மேலே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள், பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மாட்டிய பிறகு டிவி செட்டிங்கில் கேம் மோடை ஆன் செய்தால்தான் பட்டனை அமுக்கியதும் ஆள் குதிப்பான், இல்லாவிட்டால் யோசித்துவிட்டுக் குதிப்பான். வாத்து சுடும் துப்பாக்கியை மட்டும் மறந்துவிடலாம். பழைய பெட்டி டிவியின் திரை வெளிச்சத்தை நம்பிச் செய்யப்பட்ட துப்பாக்கி அது, எல்இடி திரையில் ஒரு வாத்துகூட விழாது.

சுட்டுக்கொண்டே ஓடும் கேமான காண்ட்ராவில் இரண்டு பேர் ஆடும்போது நட்புக்குச் சோதனை மூன்றாவது கட்டமான அருவியில் வரும். திரை மேலே மட்டும்தான் நகரும். வேகமாக ஆடுகிறவர் ஏறிக்கொண்டே போனால், கீழே தடுமாறுகிறவர் திரைக்கு வெளியே விழுந்து சாவார். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூட்டாளியே போதும். மெதுவாக ஆடுகிறவர் முதலில் ஏறட்டும், மற்றவர் பின்னால் வரட்டும். தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ அமுக்கி, இருவர் ஆடுவதென்றால் செலக்ட், பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் ஆளுக்கு 30 உயிர். இதை ஏமாற்று வேலை என்று சொல்லும் நண்பரைப் பேசவிடாதீர்கள்.

மாடி ரூமில் கவுண்டர் ஸ்ட்ரைக்

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய துப்பாக்கிச் சண்டை கேம், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. இன்றும் எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பதுதான் அதன் பலம். ஐந்து இயந்திரங்களைக் கொண்டு வந்து மாடி ரூமில் வைப்பதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் எடுக்கலாம். கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்தால் 300, 400 வாட் போய்விடும். ஐந்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் முதலில் போர்டு சூடாகும், பிறகு வாசம் வரும். இரண்டு தனித்தனிப் பிளக்குகளில் பிரித்துக் கொடுங்கள். ஏசி ஓடும் 16 ஆம்பியர் பிளக்கைத் தொடவே வேண்டாம்.

எட்டு ஓட்டை உள்ள ஒரு கிகாபிட் சுவிட்ச், ஆளுக்கொரு கேட் 6 கேபிள். வைஃபையிலும் ஆடலாம், ஆனால் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்தால் ஒருவர் இன்னொருவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். கெஸ்ட் இணைப்பு இருப்பதே அப்படிப் பிரிப்பதற்காகத்தான். எல்லாருக்கும் 192.168.1 என்பது போல ஒரே மாதிரி ஆரம்பிக்கும் ஐபி வந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது அவசரத்தில் கேன்சல் அமுக்கிவிட்டால் சர்வர் மற்றவர்களுக்குத் தெரியாது. நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று மாற்றிவிட்டு மறுபடி கேமைத் திறக்கவும். கேம் தேடும் கதவு (போர்ட்) 27015. "எனக்கு மட்டும் சர்வர் வரலைடா" என்கிற புலம்பலில் பத்துக்கு ஒன்பது இந்த மூன்றில் ஒன்று, மிச்சம் ஒன்று ஆளுக்கொரு வெர்ஷன்.

இந்த கேமின் குறை, முன்பு சொன்னதுதான்: செத்தால் ரவுண்டு முடியும் வரை சும்மா உட்கார வேண்டும். 1.6-இல் ரவுண்டு நேரம் தானாக 5 நிமிஷம். அதை 2 ஆக்குங்கள். தொடக்கப் பணம் 800 டாலர், அதில் ஏகே துப்பாக்கி வாங்க முடியாது, அது 2,500. தோற்கிறவர் ஏழையாகி இன்னும் தோற்பார். தொடக்கப் பணத்தை 16,000 ஆக்கிவிட்டால் அந்தச் சுழல் நின்றுபோகும். கூட்டாளியின் குண்டு படாதபடி ஃபிரெண்ட்லி ஃபயரையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சூட்சுமம். வெடிகுண்டு வைக்க வேண்டிய டெரரிஸ்ட் பக்கம் வரும்போது, அந்தக் குண்டை ஆடத் தெரியாதவர் கையில் கொடுத்துவிடுங்கள். யாரிடம் வந்தாலும் ஜி அமுக்கிக் கீழே போட்டால் அவர் எடுத்துக்கொள்வார். கூட்டாளிகள் எல்லாரும் அவரைச் சுற்றித்தான் போயாக வேண்டும், விட்டுவிட்டு ஓட முடியாது. எதிர்ப்பக்கம் வரும்போது குண்டைச் செயலிழக்க வைக்கும் 200 டாலர் கிட்டை அவரை வாங்க வையுங்கள். குண்டு வைத்தபின் வெடிக்க 45 விநாடி. வெறுங்கையால் செயலிழக்க வைக்க 10 விநாடி ஆகும், கிட் இருந்தால் 5. ஒரே ஒரு தடவை அவர் குண்டைச் செயலிழக்க வைத்து ரவுண்டு ஜெயித்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது.

எட்டுப் பேர், எட்டு ஊர், ஒரு வரைபடம்

தொலைவில் இருப்பவர்களோடு ஆட நம் தேர்வு, ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. காரணம் பாசம் மட்டுமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லி விநாடி, இதற்குக் கீழே எந்த பிளானும் கொண்டுபோக முடியாது. பாரிஸ் என்றால் அது 150-ஐத் தொடும். சுடும் கேமில் 150 என்றால், அவர் திரையில் எதிரி தெரிவதற்குள் அவர் செத்திருப்பார். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வேறு மாதிரி. ஆயிரம் வீரர்களின் இடத்தை அது நெட்டில் அனுப்புவதில்லை, "இவனை அங்கே போகச் சொன்னேன்" என்கிற கட்டளையை மட்டும் அனுப்பும். எல்லாருடைய இயந்திரமும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டுக்கொள்ளும். கட்டளை கொஞ்சம் தாமதமாக, ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நிறைவேறும். கால் விநாடித் தாமதம் ஆடுகிறவர்களுக்குத் தெரியவேயில்லை என்று அந்த வரிசையை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு விலையும் உண்டு. கூட்டத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மெதுவோ, எல்லாருக்கும் கேம் அந்த வேகத்தில்தான் ஓடும். எட்டுப் பேர் ஆளுக்கு 200 படை என்று வைத்தால் ஒரு பழைய லேப்டாப் போதும், கடைசி அரைமணி நேரம் ஆமை வேகம்தான். படை உச்சவரம்பை 100 அல்லது 125 ஆக்குங்கள். லேப்டாப் வைத்திருப்பவரைத் திட்டுவதைவிட இது மலிவு. இந்தக் கேமுக்கு 2000-இல் வந்த காங்கரர்ஸ் இணைப்பின் பழைய சிடிதான் இருக்கிறது என்றால், விண்டோஸ் 10-இல் கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய், லெகசி காம்போனன்ட்ஸின் கீழ் டைரக்ட்பிளேயை டிக் செய்தால்தான் மல்டிபிளேயர் திறக்கும். வேறு வேறு வீட்டிலிருந்து ஆட, இரண்டு வீட்டையும் ஒரே லேன் (ஒரே வீட்டு நெட்வொர்க்) என்று நம்பவைக்கும் ஜீரோடியர், ஹமாச்சி போன்ற ஒன்று வேண்டும். நம்ம ஊர் இணைப்புகள் பலவற்றில் ஒரே வெளி ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டும் பலன் இருக்காது. அதில் ராத்திரியை வீணாக்க வேண்டாம். 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா இணைப்பில் டிராவிடியன்ஸ் என்று நம்ம ஆட்களின் அணி உண்டு. வீரர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். முதல் தடவை கேட்கும்போது எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்களை மாற்றி மாற்றிக் க்ளிக் செய்துகொண்டிருப்பார்கள், அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கிவிடுங்கள். சுருள்வாள் வீரர்கள், திரிசடைக் கப்பல், ராஜேந்திரன் பெயரில் ஒரு கதைத்தொடர் எல்லாம் இருக்கிறது. யுகம் மாறும்போதெல்லாம் 200 மரம் இலவசம். மீன்பிடிப்பவர்களும் படகுகளும் கூடுதலாக 15 சுமப்பார்கள், கடலூர்த் துறைமுகத்துக்காரர்களுக்கு இது போதாதா. குதிரைப்படைதான் பலவீனம், நைட் என்கிற கனத்த குதிரைவீரர் கிடையாது. ஆகவே நிலம் திறந்த அரேபியா வரைபடத்தில் புதியவருக்கு இதைக் கொடுக்காதீர்கள். நீர் உள்ள வரைபடத்தில் கொடுங்கள்.

புதியவர் முதல் பத்து நிமிஷத்தில் சறுக்குகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான். தொடக்கத்தில் கையில் 200 உணவு, ஒரு ஊர்க்காரருக்கு 50, ஆக நான்கு பேரை உடனே வரிசையில் போட வேண்டும். டவுன் சென்டரில் இடம் ஐந்து பேருக்குத்தான், நான்கு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். வீடு கட்டாவிட்டால் உற்பத்தி நின்றுபோகும். இரண்டு பேர் ஒரு வீடு, மூன்றாமவர் இன்னொரு வீடு, வீட்டுக்கு 25 மரம். ஆடுகளை ஒன்றொன்றாக வெட்டச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் கறி அழுகும். அடுத்தது காட்டுப்பன்றி. 340 உணவு, ஆனால் ஊர்க்காரரின் உயிர் 25தான், நாலு முட்டில் சாய்ந்துவிடுவார். ஊர்க்காரரின் உயிரைக் கூட்டும் லூம் என்கிற ஆராய்ச்சியைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தள்ளிப்போடுவார்கள். நம் நண்பருக்கு அது வேண்டாம், பன்றிக்குப் போகுமுன் 50 தங்கம் கொடுத்து லூமைப் போடச் சொல்லுங்கள், உயிர் 40 ஆகிவிடும். பன்றி துரத்த ஆரம்பித்ததும் டவுன் சென்டருக்கு ஓடி வருவது ஒன்றுதான் அவர் செய்ய வேண்டியது.

மூன்றுக்கு மூன்று ஆடும்போது நடுவில் உள்ள இடத்துக்குப் பாக்கெட் என்று பெயர். எதிரி இரண்டு ஓரங்களையும் தாண்டித்தான் அங்கே வர முடியும். ஆட வராதவர் இடம் அதுதான். ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடும் திரையான லாபியில் டிரீட்டி நேரம் 20 நிமிஷம் வைத்தால் அதுவரை யாரும் யாரையும் தாக்க முடியாது. கூட்டாளி தடுமாறும்போது மார்க்கெட் கட்டினால் உணவோ தங்கமோ அனுப்பலாம், ஆனால் 30 சதவீதம் வரி போகும். காயினேஜ் ஆராய்ந்தால் 20, பேங்கிங் ஆராய்ந்தால் வரியே இல்லை. "பத்து நிமிஷமா கத்துறேன், ஒரு நூறு தங்கம் அனுப்பமாட்டியா" என்று பழைய சண்டை கிளம்புகிற இடம் இது. மார்க்கெட்டுக்கு 175 மரம் ஆகும் என்று தெரியாததால் வருகிற சண்டையும்கூட.

போன்

போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) தான் என்று முடிவு செய்வதற்கு முன் தலையை எண்ணுங்கள். ஸ்குவாட் நான்கு பேர். ஐந்து பேர் உள்ள நட்பு வட்டத்தில் நால்வர் கேம் வருஷக்கணக்கில் ஒருத்தரை வெளியே நிறுத்தும், அவரும் வாய் திறந்து சொல்லமாட்டார். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையானது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் அதுவும் போய் 2023 மே மாதம் திரும்பியது. இத்தனைக்கும் வெளிநாட்டில் இருப்பவர் ஆடும் பப்ஜி வேறு, இதோடு சேராது. எட்டுப் பத்துப் பேர் என்றால் அமாங் அஸ் போடுங்கள், 15 பேர் வரை சேரலாம், கை வேகம் தேவையில்லை, பொய் சொல்லத் தெரிந்தால் போதும். பள்ளியில் யார் யார் எப்படிப் புளுகுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் பழைய நண்பர்களிடையே அது இன்னும் சூடு பிடிக்கும். நெட்டே இல்லாத இடத்தில், ஒருத்தர் ஹாட்ஸ்பாட் போட்டால் மினி மிலிஷியா ஓடும்.

இரண்டே பேர் மிஞ்சிய நட்பு என்றால் இட் டேக்ஸ் டூ. 2021-இல் வந்தது. ஒருவர் வாங்கினால் மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸ் வழியாக இலவசமாக இறக்கிக்கொண்டு முழுவதும் ஆடலாம். தனியாக ஆடவே முடியாது.

கரண்ட்

நவம்பர், டிசம்பரில் இந்தக் கடற்கரையில் எந்தக் கேமுக்கும் முதல் எதிரி மின்வெட்டு. தானே புயல் அடித்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரவுட்டர் செத்தால் என்ன பயன்? ரவுட்டருக்கென்று சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்கு ஈடாகவோ ஆம்பியர் கூடுதலாகவோ உள்ளதை எடுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் இணைப்பு வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட் ஏன் வரவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பாதியில் அறுந்த ஆட்டத்தை, சேமித்த இடத்திலிருந்து அதே ஆட்களோடு தொடரலாம். பேச டிஸ்கார்டு போதும், ஆனால் ஆளுக்கொரு ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் வைத்தால் ஒரு வீட்டு மின்விசிறிச் சத்தம் எட்டு வீட்டிலும் சுற்றும்.

முந்தின நாள் இரவே எல்லாரையும் கேமைத் திறந்து அப்டேட் முடிக்கச் சொல்லுங்கள். 8.30க்கு உட்கார்ந்த பிறகு ஒருத்தருக்குப் பத்து ஜிபி இறங்க ஆரம்பித்தால் அந்த ராத்திரி காலி.

பொங்கல் சமயம் என்றால் சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் கட்டாயம் தாமதம். "திண்டிவனம் தாண்டிட்டேன்டா" என்று மெசேஜ் வந்தால் கடலூருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஆட்டம் தொடங்கியபின் யாரும் நடுவில் சேர முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் முடியும், அதனால் அதுவரைக்கும் அதையே ஓட்டுங்கள். அவர் பையை இறக்கி, கை கழுவி, அம்மா வைத்த தோசையைத் தின்றுவிட்டு மாடிக்கு வரும்போது லாபியில் ஒரு இடம் காலியாக இருக்கணும். பாக்கெட் இடம்.